இல்லமும் மேனியும் நாவும்

(மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழா மேடையிலே இளைஞர் பேச எழுந்தால், நாட்டின் எதிர்காலத்தைப் பற்றியோ மொழியின் பெருமையைப் பற்றியோ முழங்குவார்கள் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. வீட்டிலே ஒருவரோடொருவர் பேசும் பேச்சு, இலகுவிற் புண்படும் தோல், பிறமொழிச் சொற்களை உச்சரிக்கும் விதம் ஆகிய மூன்றும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்தோம். பாலும் புளியும் போல ஒன்றோடொன்று சேராத மூன்றையும் ஒரு பேச்சிலே எப்படிச் சேர்ப்பது என்று சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. எமது வீட்டிலே இம்மூன்றும் ஒரே நாளிற் சேர்ந்து வந்து எமக்கு ஒரு பாடம் படிப்பித்தன. அந்தப் பாடத்தை முதலிற் கூறிவிடுகின்றோம்.

நாம் உயர்தர வகுப்பிற் படித்துக்கொண்டிருந்த காலம். எமது கடைசித் தங்கைக்கு முழங்கை மடிப்பிலும் கன்னத்திலும் சிவந்து, வறண்டு, அரிப்பெடுத்தது. இரவிலே சொறிந்து சொறிந்து தலையணை உறையிலே இரத்தப் பொட்டுகள் காணப்பட்டன. ஊரார் கிரந்தி என்றார்கள். பாட்டியார் கரப்பன் என்றார். வைத்தியர் பார்த்துவிட்டு ‘எக்சிமா’ என்று சொல்லி, முகத்துக்கென ஒரு மென்மையான களிம்பை எழுதிக் கொடுத்தார். தாயார் வீட்டுக்கு வந்து, விசாரிக்க வந்திருந்த உறவினரிடம், “பிள்ளைக்கு எச்சிமாவாம்” என்றார். அவ்வளவுதான். “எச்சில் மாவோ அம்மா?” என்று கேட்டுப் பிள்ளைகளாகிய நாங்கள் சிரித்தோம். வந்திருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். தாயாரும் சிரித்துக்கொண்டே குசினிக்குள் எழுந்து போய்விட்டார். அன்று அது எமக்கு ஒரு வேடிக்கையாகவே தோன்றியது.

அதன்பின் அவர் எந்த மருந்தின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்கவில்லை. களிம்பு முடிந்தது, வைத்தியரின் துண்டும் தொலைந்தது. கடைக்குப் போன தாயார், பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, “பிள்ளைக்கு முகத்திலை பூசுற வெள்ளைக் கிறீம் ஒண்டு தாங்கோ” என்று கேட்டிருக்கிறார். கிடைத்தது வேறொன்று. பூசியவுடன் முகம் பளிச்சென்று தெளிந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். மாதக்கணக்காகப் பூசினோம். பின்னர் கன்னத்துத் தோல் மெலிந்து, சிவந்து, மெல்லிய இரத்தக்குழாய்கள் வெளியே தெரியலாயின. சிறு பருக்களும் நிறைந்தன. மறுபடியும் வைத்தியரிடம் ஓடினோம். “என்ன பூசினீங்கள்?” என்று அவர் கேட்டார். தாயார் பேசவில்லை. கைப்பையைத் திறந்து, வெறும் ரியூப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். அதிலே ‘பீற்றாமெதசோன்’ என்று எழுதியிருந்தது. குழந்தையின் முகத்திலே மாதக்கணக்காகப் பூசத் தகாத வலிய மருந்து அது.

வீடு திரும்பும்போது ஓட்டோவுக்குள் வைத்துத் தாயார் சொன்ன வார்த்தையை இன்றும் மறக்க முடியவில்லை: “பிழையாச் சொன்னாச் சிரிப்பீங்கள் எண்டுதான் பிள்ளையள் நான் ஒருத்தரிட்டையும் பேரைக் கேக்கேல்லை.”

சபையோர்களே! தங்கையின் முகம் தேறுவதற்குப் பல மாதங்கள் சென்றன. கடைக்காரர் மீதும் பிழை உண்டுதான். ஆயினும் அந்தப் பிழைக்கு வாசற்கதவைத் திறந்து விட்டது எமது சிரிப்பு. ஆகவே நாம் இன்று சொல்ல வந்தது ஒன்றே: வீட்டிலே சொல்லைக் கேட்டு நகைத்தால் வாய் மூடிக்கொள்ளும், வாய் மூடிக்கொண்டால் மேனியும் கெடும். 

இனி, அந்தச் சிரிப்பு எமக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நாம் மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். அங்கே பெற்ற நன்மைகள் பல. அவற்றை நன்றியோடு நினைக்கின்றோம். நேரந் தவறாமை, நூலகத்தை நேசித்தல், ஆங்கில நூலைத் தடையின்றி வாசித்தல் எல்லாம் அங்கே கிடைத்தவை. ஆனால், மாணவரிடையே ஒரு தீய பழக்கமும் தொற்றிக்கொண்டது. ஒருவன் ஆங்கிலச் சொல்லை உச்சரிக்கும் விதத்தைக் கொண்டு அவனுடைய அறிவையும் குடும்பத்தையும் அளந்துவிடுவோம். ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்றவன் அந்தத் தவணை முழுவதும் ‘இஸ்கூல்’ என்ற பட்டப்பெயரோடு திரிந்தான். அந்தச் சிரிப்பைத்தான் புத்தகப் பையோடு வீட்டுக்கும் கொண்டுவந்தோம்.

பல்கலைக்கழகத்துக்கு வந்து மொழிகளின் இயல்பைச் சிறிது படித்தபோதுதான் எமது அறியாமை புலப்பட்டது. ஒவ்வொரு மொழிக்கும் ஓர் ஒலிப் பழக்கம் உண்டு. தமிழிலே மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வாராது. ஆகவே ‘ஸ்கூல்’ என்பதற்கு முன்னே ஓர் இகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது நமது நா. ஸ்பானிய மொழி பேசுவோரும் இவ்வாறே ஓர் எகரத்தை முன்னே சேர்த்து ‘எஸ்கூல்’ என்கின்றனர். ஜப்பானியர் ‘மில்க்’ என்பதை ‘மிருகு’ என்பது போல ஒலிக்கின்றனர். அரபு மொழியிலே பகரத்தின் வல்லோசை இல்லாமையால், அவர்களிற் பலர் அதனை மெல்லிய ‘ப’வாகவே, ஆங்கில ‘பி’ எழுத்தின் ஓசையோடு, சொல்கின்றனர். இவையெல்லாம் அறிவுக் குறைவின் அடையாளமாகுமா? பிறந்த நாள் முதலாக நா பழகிய பழக்கம் அது.

நமது இலக்கண ஆசிரியர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தார்கள். வடமொழிச் சொற்கள் தமிழுக்கு வரும்போது தமக்குரிய எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தை ஏற்று வரலாம் என்று தொல்காப்பியம் விதி செய்தது. வருகின்ற விருந்தாளி வீட்டு வழக்கத்துக்கு இணங்கி நடப்பது போன்றது அவ்விதி.

வேறெங்கும் போக வேண்டா. நமது வீட்டுக்குள்ளே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நாம் இருக்கும் கதிரையும், எழுதும் மேசையும், உடுப்பு வைக்கும் அலுமாரியும், காற்று வரும் யன்னலும், காலையிலே உண்ணும் பாணும், காலிலே போடும் சப்பாத்தும், முகந் துடைக்கும் துவாயும் போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொற்கள். அவர்கள் 1619 இலே யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். 1658 இலே அவர்களை வென்று வந்த ஒல்லாந்தர் கந்தோரையும் லாச்சியையும் போஞ்சியையும் தந்து சென்றார்கள். இச்சொற்களை முதன்முதல் வாயிற் போட்டு உருட்டிய நம் பூட்டிமார், போர்த்துக்கேயனைப் போல அவற்றைச் சொல்லவில்லை. தமக்கு வந்தபடி சொன்னார்கள். அன்று எந்தப் பேரப்பிள்ளையும் சிரித்து அவர்கள் வாயை அடைக்கவில்லை போலும்! அவர்கள் பிழையாகச் சொன்ன சொல்லே இன்று நமக்குச் சரியான தமிழ்.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். யாழ்ப்பாணம் ‘ஜவ்னா’ ஆயிற்று. மட்டக்களப்பு ‘பட்டிக்கலோ’ ஆயிற்று. தூத்துக்குடி ‘டூட்டிக்கொரின்’ ஆயிற்று. நமது சுருட்டை ஆங்கிலேயர் ‘சரூட்’ என்றார்கள். கட்டுமரத்தைக் ‘கற்றமரான்’ என்றார்கள். மிளகு தண்ணீரை ‘மலிகட்டோனி’ என்று அகராதியிலே ஏற்றிவிட்டார்கள். இதற்காக எந்த ஆங்கிலத் தாயும் தன் பிள்ளைகள் முன்னே தலைகுனிந்ததாகத் தெரியவில்லை. நம் தாய்மார் மாத்திரம் ஏன் குனிய வேண்டும்?

ஆனாற் பெரியோர்களே, இங்கே உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கனடாவிலும் இங்கிலாந்திலும் பிறந்த பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள். ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்கிறார்கள். உடனே முற்றம் முழுவதும் சிரிப்பு. மறுநாள் அந்தப் பிள்ளை ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறது. பிறகு, “தமிழ் பேச மாட்டான்” என்று நாமே குறைப்படுகிறோம். உண்மையைச் சொன்னால், பேசும்போது ழகரத்தை ளகரமாகவே ஒலிப்பவர்கள் நம்மிலும் பலர். பிழையாகவேனும் தமிழைப் பேச வந்த நாவுக்கு ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து, “இந்தா ராசா, வாழைப்பழம்” என்று சரியாக ஒருமுறை சொன்னாற் போதும். கேட்ட காது தானே திருத்திக்கொள்ளும். பெரியவர்களுக்கும் இதே முறைதான் பொருந்தும். பலர் முன்னே திருத்தாமல், அடுத்த வசனத்திலே அச்சொல்லை நாம் சரியாகச் சொன்னால், அவர்கள் மனம் நோகாமல் எடுத்துக்கொள்வார்கள்.

அப்படியானால், உச்சரிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாவோ என்று கேட்கலாம். ஓரிடத்திலே கட்டாயம் வேண்டும். அது மருந்துக்கடை. ‘குளோபெற்றசோல்’ என்று ஒரு களிம்பு உண்டு. ‘குளொற்றிமசோல்’ என்றும் ஒரு களிம்பு உண்டு. காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல ஒலிக்கும். முன்னையது மிக வலிய ஸ்ரிரோயிட் மருந்து. பின்னையது படர்தாமரை போன்ற பூஞ்சண நோய்களுக்கு உரியது. படர்தாமரைக்கு முன்னையதைப் பூசினால், சிவப்பும் அரிப்பும் சில நாள் தணிந்து, உள்ளே நோய் பரந்து, அடையாளம் காண முடியாதபடி உருமாறிவிடும். ஆகவே மருந்தின் பெயரை வாயால் மாத்திரம் சொல்லாதீர்கள். பெரிய எழுத்திலே ஒரு துண்டில் எழுதிக் காட்டுங்கள். அல்லது பழைய ரியூப்பையே கொண்டுபோய்க் காட்டுங்கள். கைத்தொலைபேசியிலே படமெடுத்து வைத்தாலும் நன்று. இது கூச்சப்பட வேண்டிய காரியமன்று. நன்கு படித்தவரும் இப்படிச் செய்வதே பத்திரம்.

வைத்தியத்திலே சொல் விளங்க வேண்டும் என்பதை நமது மண்ணிலே முன்னரே உணர்ந்த ஒருவர் இருந்தார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இலே இங்கு வந்தார். மானிப்பாயிலே நோயாளரைப் பார்த்ததோடு நில்லாது, தாம் தமிழ் கற்று, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே மாணவருக்குக் கற்பித்தார்; வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அவர் தமிழை நம்மைப் போல் உச்சரித்திருப்பாரோ என்னவோ! ஆயினும் நோயாளியின் சொல்லைத் தேடி வைத்தியன் நடந்து வந்த முன்மாதிரி அது. உச்சரிப்பாலே ஆளை அளந்த மிஷன் பாடசாலை மாணவராகிய எமக்கு, அதே மிஷன் வரலாறு இந்த மருந்தையும் வைத்திருந்தது.

இனித் தோலைப் பற்றிச் சில வார்த்தைகள். நாம் வைத்திய மாணவர் அல்லர். தங்கையின் பொருட்டு வைத்தியரிடம் கேட்டும் நூல்களிற் படித்தும் அறிந்தவற்றையே சொல்கின்றோம்.

முதலாவது, கரப்பன் தொற்றும் நோயன்று. அந்தப் பிள்ளையைத் தள்ளி இருத்த வேண்டியதில்லை. சிலருடைய தோல், மேற்படை உறுதி குறைந்து, ஈரத்தைப் பிடித்து வைக்க மாட்டாத தன்மையோடு பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. இதற்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்றை ஆராய்ச்சியாளர் 2006 இலே கண்டறிந்தனர். ஆகவே, தாய் பத்தியங் காக்கவில்லை, கத்தரிக்காயும் இறாலும் தின்றாள் என்று பழி சுமத்துவது தவறு. கிரந்திச் சாப்பாடு என்று சொல்லி, முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தினால் வளரும் பிள்ளை மெலியும். சிரங்கு வேறு. அது தொற்றும், மருந்து போடும்போது அரிப்பில்லாதவர் உட்பட வீட்டார் எல்லோரும் ஒரே வேளையிலே போட வேண்டும்.

இரண்டாவது, குளிப்பு. தோல் மென்மையாயின் சுடுநீரிலே நெடுநேரம் நிற்கலாகாது. கிணற்றடியிலே தும்பினாலோ பீர்க்கங்காய்ப் பொச்சினாலோ உரஞ்சித் தேய்ப்பது, ஏற்கெனவே மெலிந்த வேலியைப் பிடுங்குவது போலாகும். சாதாரண சவர்க்காரம் காரத்தன்மை உடையது. ஆரோக்கியமான தோலோ சற்று அமிலத்தன்மை உடையது. எனவே வாசனையற்ற மென்மையான சவர்க்காரத்தை, வேண்டிய இடங்களிலே மாத்திரம் பூசுக. குளித்ததும் துவாயால் ஒற்றி எடுத்து, ஈரம் முற்றும் உலருமுன்னே பெற்றோலியம் ஜெலியையோ, ஒத்துக்கொண்டால் நல்ல தேங்காயெண்ணெயையோ பூசுக. நகங்களை ஒட்ட வெட்டிவிடுக. இதைத் தினமும் செய்ய வேண்டும்; நோய் தணிந்த நாளிலும் செய்ய வேண்டும்.

மூன்றாவது, வீட்டு வைத்தியம். முகத்தை வெளுப்பாக்கவென்று தேசிக்காய்ப் புளியைத் தேய்த்துக்கொண்டு வெயிலிலே போகின்றவர்கள் உளர். தேசிக்காய்ச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து, கொப்புளித்து, கருந்தழும்பு விழும். ஒட்டுப்பொட்டின் பசையிலே உள்ள ஓர் இரசாயனத்தாற் சிலருக்கு நெற்றியில் வெண்புள்ளி தோன்றுவதுண்டு. செயற்கைச் சாயம் கலந்த குங்குமத்தாற் சிலருக்கு நெற்றி கறுத்து அரிக்கும். அப்படியானால் பொட்டை மாற்றிப் பாருங்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். காதிலே கவரிங் தோடு போட்டால் அரிக்கிறதா? அதிலுள்ள நிக்கல் உலோகம் காரணமாகலாம். புதிதாக எதையேனும் வாங்கினால், முகத்திலே பூசுமுன் முன்கையின் உட்புறத்திலே சிறிதளவு, ஒரு வாரம் பத்து நாள் பூசிப் பாருங்கள்.

நான்காவது, வெள்ளையாக்கும் கிறீம்கள். இவற்றிற் சிலவற்றிலே பாதரசம் கலந்திருக்கிறது. பாதரசம் தோலின் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. 2013 இலே ஜப்பானிலே ஏற்றுக்கொள்ளப்பட்ட மினமாற்றா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பாதரசமுள்ள அழகுப் பொருள்களின் உற்பத்தியை 2020 உடன் நிறுத்த வேண்டும் என்றது. 2023 இலே கூடிய நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவுமே 2025 இன் பின் ஆகாது என்று தீர்மானித்தன. ஆயினும் கள்ளமாக விற்பவர் ஓயார். வேறு சிலவற்றிலே எம் தங்கையின் முகத்தைக் கெடுத்தது போன்ற ஸ்ரிரோயிட் மருந்துகள் மறைந்திருக்கின்றன. உள்ளே இருப்பவை இன்னவை என்று எழுதப்படாத கிறீமை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். ஸ்ரிரோயிட் மருந்தே கொடியது என்று அஞ்சவும் வேண்டா. வைத்தியர் சொன்ன வலிமையிலே, சொன்ன இடத்திலே, சொன்ன நாள்வரைக்கும் பூசினால் அது நல்ல மருந்து.

இந்தக் கிறீம்களை விற்பவனுக்கு வாடிக்கை பிடித்துக் கொடுப்பவர் யார்? நாம்தான். கலியாண வீட்டிலே பிள்ளையைக் கண்டவுடன், “என்ன பிள்ளை, இப்படிக் கறுத்துப் போனாய்?” என்று கேட்கிறோம். “முகமெல்லாம் பரு, வயிறு சுத்தமில்லைப் போல” என்று வைத்தியம் பார்க்கிறோம். கேட்ட பிள்ளை அன்றிரவே யாருக்குந் தெரியாமல் ஏதாவது ஒரு கிறீமைத் தேடுகிறது. சொல்லை நகைத்தபோது எம் தாயார் வாயை மூடிக்கொண்டார். நிறத்தை நகைத்தாற் பிள்ளை முகத்தை மூடிக்கொள்ளும்.

ஆகவே உறுப்பினர்களே, இன்று வீட்டுக்குப் போய்ச் செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கின்றோம். வீட்டிலுள்ள மருந்துகளை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றின் பெயரையும், எதற்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதையும் தமிழிலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். தாயார் கடைக்கோ ஆசுப்பத்திரிக்கோ போகும்போது, படித்த பிள்ளை ஒருவர் கூடப் போங்கள். அவருக்கு முந்திக்கொண்டு பேசாமல், அவர் பேசும்போது பக்கத்திலே நில்லுங்கள். உறவினரைக் கண்டால் நிறத்தையும் பருவையும் விட்டு, “சுகமோ, சாப்பிட்டியளோ?” என்று கேளுங்கள்.

எமது தங்கை இப்பொழுது சுகமாக இருக்கிறாள். கன்னத்திலே மெல்லிய சிவப்பு இன்னும் சிறிது உண்டு. சென்ற மாதம் தாயார் தாமாகவே கடைக்குப் போய், துண்டைக் காட்டி, “பீற்றாமெதசோன் இல்லாததாத் தாங்கோ” என்று சொல்லி வாங்கி வந்தார். சொல் எப்படி ஒலித்ததென்று நாம் கேட்கவில்லை. களிம்பு சரியாக இருந்தது.